கூச்சப்படும் தோட்டா

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. நல்ல சிரிப்பு. வயிறு குலுங்கும்.

ஆனால் இப்போது கிடைக்காது. அது கபூர் ராவுத்தரின் வாய்க்குள், கடைவாயில் அவர் ஒதுக்கி வைத்திருக்கும் ஏலக்காய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் திறக்கும்போது திறப்பார். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். அவரே பன்னிரண்டு நாள் பொறுத்தார்.

"மாஸ்டர், தோட்டா சரியில்ல," என்றார் தணிகைவேல்.

பிலோமினா நிமிரவில்லை. துப்பாக்கிக் குழலுக்குள் துணி விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போன வாரம் என்ன சரியில்ல?"

"போன வாரமும் தோட்டாதான்."

"மூணு மாசத்துக்கு முன்ன?"

"அது வேற தோட்டா. அதுவும் சரியில்ல."

பின்னால் யாரோ இருமினார்கள். கபூர் ராவுத்தர்தான்.

மலையடிவாரத்தில், கரும்புக் காட்டை ஒட்டி இருந்தது அந்த ரைஃபிள் கிளப். ஒரு தகரக் கொட்டகை, ஐம்பது மீட்டர் புல், அதற்கு அப்பால் மண்மேடு. அவ்வளவுதான் ரேஞ்சு. தணிகைவேலுக்கு வயது நாற்பத்தொன்பது. பஸ் டிப்போவில் டைம் கீப்பர். பயிற்சி கொடுக்கும் பிலோமினா அவரைவிடப் பதினொரு வயது சின்னவர். அவர் இவரை அண்ணே என்பார். இவர் அவரை மாஸ்டர் என்பார். ரேஞ்சுக்குள் அப்படித்தான்.

கபூர் ராவுத்தருக்கு அறுபத்து மூன்று. நாற்பது வருடம் ஏலக்காய் தரம் பிரித்தவர். தணிகைவேலின் ஜோடி.

ஜோடி என்றால் போட்டியில் ஜோடி. மாவட்டத்திலிருந்து மாநிலப் போட்டிக்கு மூத்தவர் பிரிவில் ஒரு ஜோடி போகலாம். ஆளுக்கு இருபது தோட்டா. இருநூறுக்கு நூற்று எண்பத்தெட்டு எடுக்க வேண்டும். இரண்டு பேரும் எடுக்க வேண்டும். ஒருவர் எடுத்து ஒருவர் விட்டால், இரண்டு பேரும் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

ஆறு வருடமாக இரண்டு பேரும் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஆறு வருடமும் கபூர் எடுத்தார். ஆறு வருடமும் தணிகைவேல் விட்டார்.

இந்த வருடத்தை விட்டால் அடுத்த வருடம் இல்லை. கபூரின் வலது கண்ணில் அழுத்தம் ஏறிவிட்டது. மாநிலப் போட்டி முடிந்த மறு வாரம் கண்ணாஸ்பத்திரியில் தேதி. அதற்கப்புறம் துப்பாக்கியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

"நேத்து எத்தனை?" என்றார் பிலோமினா.

"நூத்தி எண்பத்தொண்ணு."

கபூர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். டிப்போ மைக்கில் வரும் குரல் அப்படியே வந்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பத்துக்குப் புறப்பட்ட தோட்டா, வழி மாறி, எட்டு, ஏழு வழியாக ஆறில் நிற்கும்."

"மாமா, சும்மா இருங்க."

"உன் டிப்போ வண்டிதானே மாப்ள. ஊர் பேர் தெரியாம போகுது."

தணிகைவேல் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து பிலோமினாவின் முன்னால் வைத்தார்.

"மாமாவோட சொந்தக்காரர் வெளிநாட்டுல இருந்து கொண்டாந்தது. உசந்த சரக்கு. 'இதப் போட்டுப் பாரு'ன்னு மாமாதான் குடுத்தார். இதுவும் ஆறுல போகுது."

"இதுக்கு முன்னால சுட்டது?"

"கிளப்புல குடுக்கிற சாதா லாட்டு. மூணு மாசம் முன்னாடியே அதத் தள்ளி வச்சிட்டேன். பெட்டி மேல எழுதியும் வச்சிட்டேன்."

அது கிளப் முழுக்கத் தெரிந்த விஷயம். தணிகைவேலின் காதில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். தாமதமாக வரும் வண்டிகளுக்கு எதிரே பெருக்கல் குறி போடும் பென்சில். பிடிக்காத எதன் மேலும் போடுவார்.

பிலோமினா துணியைக் கீழே வைத்தார்.

"துப்பாக்கியக் குடுங்க."

வாங்கினார். திருப்பினார். அடிக்கட்டையில் இருந்த இரண்டு ஸ்க்ரூக்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார். ஒன்றை ஒரு கால் சுற்று முறுக்கினார்.

"லூசா இருந்துச்சா மாஸ்டர்?"

பிலோமினா துப்பாக்கியோடு மூலைக்கு நடந்தார்.

மூலையில் ஒரு கனத்த மேசை. அதில் இரும்பைக் கடித்துப் பிடிக்கும் வைஸ் ஒன்று. அதன் இரண்டு தாடைக்கும் ரப்பர் வைத்து, துப்பாக்கியைக் கடிக்க விட்டார். ஆள் கை படாத துப்பாக்கி. மூச்சு விடாத துப்பாக்கி.

தணிகைவேலின் பெட்டியிலிருந்து வெளிநாட்டுத் தோட்டா ஐந்து எடுத்துச் சுட்டார். நடந்து போய் டார்கெட் தாளைக் கழற்றினார். பார்த்தார். மடித்து இடது பையில் வைத்தார்.

பிறகு பீரோவைத் திறந்து, கையை உள்ளே விட்டு, வேறு ஐந்து தோட்டா எடுத்தார். சுட்டார். அந்தத் தாளைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். மடித்து வலது பையில் வைத்தார்.

"காட்டுங்க மாஸ்டர்."

"ஞாயித்துக்கிழமை."

"எந்த ஞாயித்துக்கிழமை?"

"தேர்வு ஞாயித்துக்கிழமை."

தணிகைவேல் வெளிநாட்டுத் தோட்டாவைத் திரும்பப் பையில் போட்டார்.

"இப்ப எதை வச்சுச் சுட?"

பிலோமினா யோசித்தார். கபூரைப் பார்த்தார். கபூர் கூரையைப் பார்த்தார்.

"தனி லாட்டு ஒண்ணு இருக்கு," என்றார் பிலோமினா. "குடுக்கலாம். ஆனா கஷ்டம்."

"என்ன கஷ்டம்?"

"கூச்ச சுபாவம்."

"யாருக்கு?"

"தோட்டாவுக்கு."

கபூருக்குப் பெரிய இருமல் வந்தது. எழுந்து கரும்புக் காட்டுப் பக்கம் போய் இருமிவிட்டு வந்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஏலக்காய் புரையேறிருச்சு," என்றார்.

மறுநாள் ஒரு பிஸ்கட் டப்பா வந்தது.

பிலோமினா அதைக் கொட்டகையின் பின் மேசையில் வைத்தார். தணிகைவேல் படுத்துச் சுடும் விரிப்பிலிருந்து மேசை வரை நடந்து எண்ணினார். பதினைந்து அடி வைப்பு.

"ஒண்ணு ஒண்ணாத்தான் எடுக்கணும்," என்றார். "ரெண்டு சேர்ந்தா வெக்கப்படும்."

"சரி."

"கைக்குள்ள மூடிக் கொண்டாரணும். ஓடக் கூடாது. சூடு மாறிரும்."

"சரி மாஸ்டர்."

"படுங்க."

படுத்தார். பிலோமினா சாக்பீஸால் விரிப்பில் ஒரு வட்டம் போட்டார். "இடது முழங்கை இதுல. தினமும் இதுலதான். தோட்டாவுக்கு இடம் மாத்தினா ஆகாது." துப்பாக்கிக் கட்டையில், கன்னம் படும் இடத்தில், சின்னதாக ஒரு பிளாஸ்திரி ஒட்டினார். "கன்னம் இதுல. அதுக்குப் பழகின மூஞ்சிதான் வேணும்."

தணிகைவேல் கன்னத்தைப் பிளாஸ்திரியில் வைத்தார். இத்தனை வருடம் எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"இப்பக் கண்ண மூடுங்க. மூணு மூச்சு. தொறங்க. குழல் எங்க பாக்குது?"

"இடது பக்கம் போயிருச்சு மாஸ்டர்."

தணிகைவேல் கையால் துப்பாக்கியை வலது பக்கம் இழுத்தார்.

"ம்ஹூம். கையால இழுத்தா அதுக்குத் தெரிஞ்சிரும். இடுப்ப நகத்துங்க. திரும்பவும் கண்ண மூடுங்க. தானா நடுவுல நிக்கிற வரைக்கும்."

"எத்தனை தடவ?"

"அது சொல்லும்."

சுட்டதும் துப்பாக்கியின் போல்ட்டைத் திறந்து வைக்க வேண்டும். எழ வேண்டும். தொலைநோக்கியில் பார்க்கக் கூடாது. திட்டவும் கூடாது. பதினைந்து அடி நடந்து, டப்பாவைத் திறந்து, அடுத்ததை எடுத்துக்கொண்டு, பதினைந்து அடி திரும்பி வர வேண்டும்.

தணிகைவேல் எல்லாவற்றையும் டிப்போ நோட்டில் எழுதிக்கொண்டார். கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டார்.

"மாமா, உங்களுக்கும் இந்த லாட்டு வேணுமா?"

"எனக்கு எதுக்கு மாப்ள," என்றார் கபூர். "நான் சுடுறதே எனக்குப் போதும்." சொல்லிவிட்டுக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்.

முதல் நாள் ஐந்து தோட்டா சுடுவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது.

இரண்டாம் நாள் முட்டி வலித்தது.

மூன்றாம் நாள், டப்பாவிலிருந்து விரிப்புக்கு நடக்கும்போது, மூடிய கைக்குள் இருந்த தோட்டா வெதுவெதுப்பாக இருந்தது. கோழிக்குஞ்சைக் கொண்டு போவதுபோல நடந்தார். டிப்போவில் கண்டக்டர் ஒருவர் கேட்டாராம்: "என்ன சார், ரெண்டு நாளா யாரையும் வையல?"

நான்காம் நாள் படுத்துக் கண்ணை மூடியவர் எழுந்திருக்கவே இல்லை.

"மாஸ்டர்," என்றார் படுத்தபடியே. "தோட்டா துடிக்குது."

பிலோமினா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தோட்டாவா?"

"டக்கு டக்குன்னு. அதுக்கேத்த மாதிரி குழல் முனை குதிக்குது பாருங்க."

"பாருங்க. நல்லாப் பாருங்க."

பார்த்தார். முனை குதித்தது. நின்றது. குதித்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தன் இடது கையைப் பார்த்தார். துப்பாக்கியைக் கையோடு சேர்த்துக் கட்டும் வார், புஜத்தில் நரம்பு ஓடுகிற இடத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது.

அதைக் கீழே இறக்கினார். ஒரு துளை தளர்த்தினார்.

முனை நின்றுவிட்டது.

"இப்பத் துடிக்கலியா?" என்றார் பிலோமினா.

"இல்ல மாஸ்டர்." பிறகு மெல்லச் சொன்னார். "பயந்திருக்கும்போல."

"இருக்கும்," என்றார் பிலோமினா. சிரிக்காமல்தான் சொன்னார். ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

ஏழாம் நாள் மழை. கொட்டகைத் தகரத்தில் காது கேட்காத சத்தம். மூன்று பேரும் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கபூர் ஒரு கையால் வலது கண்ணை மூடினார். திறந்தார். மூடினார்.

"வலிக்குதா மாமா?"

"இல்ல. எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாத்தேன்."

தணிகைவேல் டீயைக் கீழே வைத்தார்.

"மாமா, இன்னும் அஞ்சு நாள் இருக்கு. பேர் மாத்திக்கலாம். ஸ்டேட் பேங்க் பெருமாள்சாமிய ஜோடியா போட்டுக்கங்க. அவர் நூத்தித் தொண்ணூறு சுடுறார். நீங்க போய்ட்டு வந்திரலாம்."

கபூர் ஏலக்காயை இடது கடைவாயிலிருந்து வலது கடைவாய்க்கு மாற்றினார்.

"பெருமாள்சாமி நல்ல மனுசன்," என்றார். "போற வழி பூரா வட்டி விகிதம் சொல்லுவான்."

"விளையாடாதீங்க மாமா."

"நான் ஒருத்தன் போகணும்னா இருபது வருசம் முன்னாடியே போயிருப்பேன் மாப்ள. தனி ஆள் பிரிவு இல்லையா?"

மழை கொஞ்சம் குறைந்தது.

"அப்ப ஏன் போகல?"

"தனியா எப்படிப் போறது. பேச்சுத் துணைக்கு ஆள் வேணாமா?"

தணிகைவேல் எழுந்தார். பதினைந்து அடி நடந்தார். டப்பாவைத் திறந்தார்.

"மழை பெய்யுதுண்ணே," என்றார் பிலோமினா.

"சுடல மாஸ்டர். சும்மா படுத்துப் பாக்குறேன்."

அன்றைக்கு ஒரு தோட்டாகூடச் சுடாமல், அதைக் கையில் மூடிக்கொண்டு போவதும், படுத்துக் கண்ணை மூடுவதும், திறப்பதும், இடுப்பை நகர்த்துவதும், திரும்பக் கொண்டு வந்து டப்பாவில் வைப்பதுமாக இருந்தார். மழை விட்ட பிறகும் அப்படியே.

கபூர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று மட்டும் அவருக்கு இருமல் வரவில்லை.

தேர்வு ஞாயிறு. அதே ரேஞ்சு. நான்கு கிளப்பிலிருந்து பதினொரு ஜோடி. நாற்பது நிமிடம், இருபது தோட்டா.

எல்லோரும் தோட்டாப் பெட்டியை முழங்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தார்கள். தணிகைவேலின் டப்பா மட்டும் பதினைந்து அடிக்குப் பின்னால்.

முதல் தோட்டா. போல்ட்டைத் திறந்தார். எழுந்தார். நடந்தார். மூடிய கையோடு திரும்பினார்.

இரண்டாவது. எழுந்தார். நடந்தார்.

"இவர் சுட வந்தாரா, வாக்கிங் வந்தாரா?" என்றது ஒரு குரல்.

"அவருக்கு சுகர் இருக்குப்பா. டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பார்," என்றது இன்னொன்று.

போட்டி நடத்துகிறவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். எழுந்து நடக்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டார்.

கபூர் இருபதையும் இருபத்தெட்டு நிமிடத்தில் முடித்தார். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. எழுந்து பின்னால் வந்து தொலைநோக்கியை எடுத்தார். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் தணிகைவேலின் டார்கெட்டைப் பார்த்தார். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. பிலோமினாவிடமும் சொல்லவில்லை.

கடைசித் தோட்டா. இன்னும் இரண்டு நிமிடம்.

தணிகைவேல் படுத்தார். வட்டத்தில் முழங்கை. பிளாஸ்திரியில் கன்னம். கண்ணை மூடினார். மூன்று மூச்சு. திறந்தார்.

முனை இடது பக்கம் போயிருந்தது. ஒரு மயிரிழைதான். கையால் லேசாக இழுத்தால் வந்துவிடும். ஆறு வருடமாக அப்படித்தான் இழுத்தார்.

துப்பாக்கிக்குள் இருந்த தோட்டாவை நினைத்தார். அதுக்குத் தெரிஞ்சிரும்.

இடுப்பை நகர்த்தினார். கண்ணை மூடினார். கரும்புக் காட்டில் காற்று சலசலப்பது கேட்டது. யாரோ "ஒரு நிமிசம்" என்பது கேட்டது. மூன்று மூச்சு. திறந்தார்.

கறுப்பு வட்டம் நடுவில் நின்றது. யாரும் பிடிக்காமல் அதுவாக நின்றது.

விரல் எப்போது அழுத்தியது என்று அவருக்குத் தெரியாது.

எழுந்தார். பழக்கத்தில் மேசை வரை நடந்து, டப்பாவைத் திறக்கக் கையை நீட்டினார். அப்புறம்தான் முடிந்துவிட்டது என்று உறைத்தது.

கபூர் தொலைநோக்கியை இறக்கினார். மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"பயணிகளின் கனிவான..."

குரல் உடைந்துவிட்டது. மூக்கை விட்டுவிட்டுச் சொந்தக் குரலில் சொன்னார்.

"நூத்தி எண்பத்தொம்பது மாப்ள."

போட்டி நடத்துகிறவர் தாளைக் கொண்டுவந்து அதையே சொன்னார். தணிகைவேல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மாமா, போறோமா?"

"போறோம்."

"ரெண்டு பேருமா?"

"பின்ன, ஒரு சீட்டுல உக்காந்தா போக முடியும்?"

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பிலோமினாவிடம் வந்தார் தணிகைவேல். நோட்டைத் திறந்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"மாஸ்டர், அந்த லாட்டு இன்னும் எவ்வளவு கிடைக்கும்? மாநிலத்துக்கு அதுதான் வேணும். வேற எதையும் இனி தொட மாட்டேன்."

பிலோமினா இடது பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வலது பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். இரண்டையும் அவர் கையில் கொடுத்தார்.

வைஸ் சுட்ட தாள்கள். ஒன்றில் ஐந்து ஓட்டை, ஆளுக்கொரு திசையில், ஒன்றோடொன்று பேசாமல். இன்னொன்றில் ஒரே ஓட்டை. ஐந்தும் அதில்தான் போயிருந்தன. சுண்டுவிரல் நுழையாது.

"இது எது மாஸ்டர்?"

"பின்னாடி எழுதியிருக்கு."

திருப்பினார். ஐந்து ஓட்டைத் தாளின் பின்னால், 'வெளிநாடு.'

ஒற்றை ஓட்டைத் தாளின் பின்னால், 'ஆகாது.'

"ஆகாதுன்னா? புரியலியே."

"டப்பாவக் கவுத்துங்க."

மிச்சமிருந்த தோட்டாக்களை மேசையில் கொட்டினார். உருண்டன. சத்தம் வராமல் இருக்க டப்பாவின் அடியில் ஒரு அட்டை மடித்துப் போட்டிருந்தது. நகத்தால் கெல்லி எடுத்தார். பிரித்தார்.

தோட்டாப் பெட்டியின் மேலட்டை. அதில் சிவப்புப் பென்சிலில் பெரிய பெருக்கல் குறி. அதன் கீழே, தினமும் தாமத வண்டிகளுக்கு எதிரே எழுதுகிற அதே சாய்ந்த எழுத்தில், 'ஆகாது.'

தணிகைவேல் கையிலிருந்த பென்சிலைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார்.

கபூரின் காலடியில் அவர் சுட்டு முடித்த காலிப் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. கபூரே அதைக் கால் கட்டைவிரலால் நிமிர்த்திப் போட்டார். அதிலும் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி.

"மாமா, நீங்களுமா?"

"மூணு மாசமா இதுதான் மாப்ள. நீ தள்ளி வச்ச. நான் எடுத்துக்கிட்டேன்."

"அப்ப உங்க உசந்த தோட்டாவ எனக்குக் குடுத்துட்டு..."

"நல்லதுன்னு நெனச்சுத்தான் குடுத்தேன். உன் குழலுக்குப் பிடிக்கல. அதுக்கு நான் என்ன செய்ய?"

தணிகைவேல் திரும்பிப் பார்த்தார். விரிப்பிலிருந்து மேசை வரை, பன்னிரண்டு நாளில், மண் தரையில் ஒரு ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. அந்தக் கோடியில் சாக்பீஸ் வட்டம். கட்டையில் பிளாஸ்திரி. ஒரு துளை தளர்ந்த வார்.

"மாஸ்டர்," என்றார்.

"சொல்லுங்கண்ணே."

"அப்ப இந்தத் தோட்டாவுக்குக் கூச்சம் கீச்சம்னு எதுவும்..."

கபூர் ராவுத்தர் ஏலக்காயைத் துப்பினார்.